அடுப்பெரியும் வாயுவும் அதன்மேல் ஏறும் வரியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை ஒன்றைக் கையில் எடுத்து, "இதற்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டால், அதை நெய்தவர் விரல் மடக்கிக் கணக்குச் சொல்லுவார். பாவுக்கு இவ்வளவு பட்டு, ஊடைக்கு இவ்வளவு, சரிகைக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, கோர்வை போடும்போது கரைநாடாவைப் போட உடன் அமர்ந்த துணையாளுக்கு இவ்வளவு, தமது கூலி இவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். கருநாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் எத்தனை கை மாறி அந்தத் தறிக்கு வந்தன என்பதும் அவருக்குத் தெரியும். விலை என்பது ஒரே இழை அன்று. பல இழைகள் கூடி நெய்யப்பட்டது என்பதைக் காஞ்சி நெசவாளரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அத்தகைய ஒருவரின் இல்லத்தை நாம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். பிள்ளையார்பாளையத்தில் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுக்களை. அடுப்புக்குக் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. மாத முடிவில் ஒரு கட்டணச் சீட்டும் வருகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் அதனைப் பார்த்துவிட்டு, "அப்பா, சேலைக்கு இழை இழையாகக் கணக்குச் சொல்கிறீர்களே, இந்தச் சீட்டுக்குக் கணக்கு என்ன?" என்று கேட்கிறாள். தந்தை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இத்தனை கன மீட்டர், இன்ன விலை, இன்ன வரி, மொத்தம் இவ்வளவு என்று இருக்கிறது. "இதுதான் கணக்கு" என்கிறார். ஆனால் அது கணக்கின் கடைசி வரி மட்டுமே. அதற்கு முன்னுள்ள வரிகளை வாசித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். நம் வீடுகளில் எரியும் வாயு இரு வகைப்படும். பெரும்பாலோர் அறிந்தது சிலிண்டரில் வருவது. இது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தத்தால் திரவமாக்கியது, 14.2 கிலோ எடை கொண்ட உருளையாக வீட்டுக்கு வருகிறது. மற்றொன்று இயற்கை எரிவாயு. இதன் பெரும் பகுதி மீத்தேன். நிலத்தடியிலிருந்தோ கடலடியிலிருந்தோ எடுக்கப்பட்டு, குழாய் வழியே வாயுவாகவே வீடு வந்து சேர்வது. அடுப்பின் சுடர் பார்ப்பதற்கு இரண்டிலும் நீலமே. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவை இரண்டும் வெவ்வேறு இனம்.

காஞ்சிபுரத்துக்கு இந்தக் குழாய் வாயு வந்த கதை மிகச் சமீப காலத்தது. 2006 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றன்படி, பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நம் நாட்டில் அமைந்தது. எந்த மாவட்டத்தில் யார் குழாய் பதித்து வாயு வழங்கலாம் என்பதை ஏலத்தின் மூலம் முடிவு செய்வது இவ்வாரியமே. 2018 ஆம் ஆண்டில் நடந்த ஒன்பதாம் சுற்றில் காஞ்சிபுரம் மாவட்டம் ஏ.ஜி. அண்ட் பி. என்னும் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சு மாதத்தில், எண்ணூரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த திரவ இயற்கை வாயு முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கையாளும் ஆற்றல் உடையது அது. அயல் நாடுகளில் எடுக்கப்படும் வாயுவை, பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியசு வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது; கன அளவு ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வாறு சுருங்கியதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, எண்ணூரில் மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள்.

இனி வரிக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நம் நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் நூற்றொன்றாம் திருத்தம் இதற்கு வழி வகுத்தது. அதற்கு முன்னிருந்த பல வரிகள் இதனுள் அடங்கின. இந்த வரியின் உயிர்நாடி ஒன்று உண்டு. அதை மாணவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வணிகர் தாம் வாங்கிய பொருளுக்குச் செலுத்திய வரியை, தாம் விற்கும் பொருளுக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பட்டு நூலுக்கு நூற்றுக்கு ஐந்து. அதிலிருந்து நெய்த சேலைக்கும் நூற்றுக்கு ஐந்து. நூலுக்குச் செலுத்தியதைச் சேலைக்குரிய வரியில் வணிகர் கழித்துக்கொள்கிறார். ஆகவே வரி கூடுதல் மதிப்பின்மேல் மட்டுமே விழுகிறது. வரியின்மேல் வரி விழுவதில்லை.

ஆனால் இந்தச் சங்கிலிக்கு வெளியே ஐந்து பொருள்கள் நிறுத்தப்பட்டன. அவை கச்சா எண்ணெய், பெட்ரோல், அதிவேக டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஆகியன. சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் எந்த நாளைப் பரிந்துரைக்கிறதோ அந்த நாள் முதல் இவையும் சங்கிலிக்குள் வரலாம் என்று அரசியலமைப்பின் 279அ பிரிவு கூறுகிறது. அந்த நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.

சிலிண்டர் வாயு இந்த ஐந்தில் இல்லை. ஆகவே வீட்டுச் சிலிண்டருக்குச் சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்கு ஐந்து. அதில் பாதி மத்திய அரசாங்கத்துக்கு, பாதி மாநில அரசாங்கத்துக்கு. குழாய் வாயுவோ ஐந்தில் ஒன்று. ஆகவே அதன்மேல் மாநிலத்தின் பழைய மதிப்புக் கூட்டு வரியே இன்றும் விழுகிறது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் எரியும் இரண்டு அடுப்புகள், இரண்டு வேறு வரிச் சட்டங்களுக்கு உட்பட்டு எரிகின்றன.

இப்போது குழாய் வாயு கடந்துவரும் வழியில் நாமும் நடந்து பார்ப்போம்.

வழியின் தொடக்கம் கிணறு. நம் நாட்டு நிலப்பரப்பில் எடுக்கப்படும் வாயுவானால், கிணற்றடி மதிப்பில் நூற்றுக்குப் பத்து உரிமைத் தொகையாகச் செலுத்தப்படுகிறது. ராயல்டி என்று பலரும் சொல்வது இதையே. நிலத்துக் கிணறானால் அது மாநில அரசாங்கத்துக்கும், கடற்கிணறானால் மத்திய அரசாங்கத்துக்கும் சேரும். நம் காவிரிப் படுகையில் எடுக்கப்படும் வாயுவுக்கு இது பொருந்தும். கண்டிப்பாகச் சொன்னால் இது வரி அன்று. மண்ணுக்கடியில் உள்ள பொதுச் செல்வத்தை எடுப்பதற்கு ஈடாகக் கொடுக்கும் தொகை. ஆயினும் விலையின் அடியில் அதுவும் ஓர் இழையே. இந்தக் கிணற்று வாயுவின் விலைக்கும் ஒரு நெறி உண்டு. 2023 ஏப்பிரல் முதல், பழைய வயல்களிலிருந்து வரும் வாயுவின் விலை இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையில் நூற்றுக்குப் பத்து என்று மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் வைக்கப்பட்டுள்ளன. வீட்டு அடுப்புக்கு இந்த வாயுவில் முன்னுரிமை தருவது மத்திய அரசாங்கத்தின் கொள்கை.

கிணற்று வாயுவுக்குப் பதிலாகக் கப்பலில் வந்த வாயுவானால், துறைமுகத்தில் சுங்கத் தீர்வை காத்திருக்கிறது. அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு இரண்டரை. அந்தத் தீர்வையின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 2.75 ஆகிறது.

அடுத்தது நெடுந்தூரக் குழாய். வாயுவைக் கொண்டுசெல்வது ஒரு சேவை. வாயு சங்கிலிக்கு வெளியே நின்றாலும், அதைச் சுமக்கும் சேவை சங்கிலிக்குள் இருக்கிறது! கழிவு உரிமை இன்றி நூற்றுக்கு ஐந்து என்னும் வீதத்தில் குழாய்க் கட்டணத்தின்மேல் வரி விதிக்க இடமுண்டு. வாயு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு விற்கப்பட்டால், 1956 ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்து குறுக்கிடும். உரிய படிவம் தரும் பதிவு பெற்ற வணிகருக்கு அது நூற்றுக்கு இரண்டு.

பிறகு நகரக் குழாய். தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் கருவிகள் வேண்டும். வீட்டுக்கு வீடு மானி வேண்டும். இவற்றை வாங்கும்போது நிறுவனம் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துகிறது. இரும்புக் குழாய்க்கு அது நூற்றுக்குப் பதினெட்டு. பட்டு வணிகராயிருந்தால் இதைக் கழித்துக்கொள்ளலாம். வாயு விற்பவர் கழித்துக்கொள்ள முடியாது; ஏனெனில் அவர் விற்கும் பொருள் அந்த வரிக்கு வெளியே நிற்கிறது. கழிக்க முடியாத அந்த வரி செலவோடு செலவாகக் கலந்து, விலைக்குள் மறைந்துவிடுகிறது.

இறுதியாக வீட்டு வாயில். அதுவரை சேர்ந்த முழுத் தொகையின்மேலும் மாநில மதிப்புக் கூட்டு வரி விழுகிறது. இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. வண்டிகளுக்காக அழுத்தி நிரப்பப்படும் இயற்கை வாயுவுக்கு மத்திய ஆயத் தீர்வை நூற்றுக்குப் பதினான்கு உண்டு. அடுக்களைக் குழாயில் அழுத்தப்படாமல் வரும் வாயுவுக்கு அத்தீர்வை இல்லை.

சொற்களாற் சொன்னதை எண்களால் நிறுத்திப் பார்த்தால் உண்மை துலங்கும். பின்வருவன கணக்குப் பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களேயன்றி, எந்த ஊரின் விலையும் அல்ல. கப்பலில் வந்த வாயுவின் மதிப்பு 100 ரூபாய் என்க. சுங்கத் தீர்வை 2 ரூபாய் 75 காசு. நெடுந்தூரக் குழாய்க் கட்டணம் 20 ரூபாய். அதன்மேல் வரி 1 ரூபாய். நகரக் குழாயின் செலவும் ஊதியமும் இலாபமும் 40 ரூபாய். அதில் கழிக்க முடியாமல் தங்கிய வரி 3 ரூபாய். கூட்டினால் 166 ரூபாய் 75 காசு ஆகிறது. இதன்மேல் மாநில வரி நூற்றுக்கு ஐந்து என வைத்துக்கொண்டால் 8 ரூபாய் 34 காசு. இல்லத்தார் கொடுப்பது 175 ரூபாய் 9 காசு.

இப்போது சீட்டைப் பாருங்கள். வரி என்ற இடத்தில் 8 ரூபாய் 34 காசு மட்டுமே அச்சாகியிருக்கும். ஆனால் உண்மையில் கொடுத்த வரி எவ்வளவு? 2.75, 1, 3, 8.34 ஆகியவற்றின் கூட்டுத்தொகை: 15 ரூபாய் 9 காசு. கண்ணுக்குத் தெரிந்தது பாதிக்குச் சற்று மேல்; தெரியாதது பாதிக்குச் சற்றுக் கீழ். மேலும், அந்த 8 ரூபாய் 34 காசில் 34 காசு, முன்னே செலுத்திய 6 ரூபாய் 75 காசு வரியின்மேல் விழுந்த வரி. இதையே வரியின்மேல் வரி என்கிறோம். மாநில வரி நூற்றுக்குப் பதினைந்தாக இருந்தால் இந்த 34 காசு 1 ரூபாய் ஆகிவிடும். பாலுக்குக் காசு கொடுத்தவன், பாலில் கலந்த தண்ணீருக்கும் பால் விலையே கொடுப்பது போன்றது இது.

சங்கிலிக்குள் வாயுவும் சேர்க்கப்பட்டு, கடைசி வீதம் அதே நூற்றுக்கு ஐந்தாக இருக்குமானால் என்ன ஆகும்? சுங்கத் தீர்வை அப்படியே நிற்கும். குழாய்க் கட்டணத்தின் 1 ரூபாயும், நகரக் குழாயில் தங்கிய 3 ரூபாயும் கழிந்துவிடும். அவற்றின்மேல் விழுந்த 20 காசும் நீங்கும். விலை 170 ரூபாய் 89 காசு ஆகும். ஆக, வீதத்தைச் சிறிதும் குறைக்காமல், வரி செல்லும் வழியைச் சீர்செய்வதனால் மட்டுமே 4 ரூபாய் 20 காசு குறைகிறது. மாணவர்கள் இதனை நன்கு கவனிக்க வேண்டும். வரியைப் பற்றிய வாதங்களில் நாம் எப்போதும் வீதத்தையே பேசுகிறோம், வழியைப் பேசுவதில்லை.

அவ்வாறாயின் ஏன் இதுகாறும் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மாநிலங்களின் வழக்கையும் நாம் கேட்டாக வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மாநிலங்கள் தாமே வீதம் குறிக்கும் உரிமையைப் பெரும்பாலான பொருள்களில் விட்டுக்கொடுத்தன. எஞ்சிய சிலவற்றுள் இவ்வைந்தும் முக்கியமானவை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஏரிக்கரையும் நடப்பது இத்தகைய வருவாயினாலேயே. மேலும், தன் கையில் உரிமை இருப்பதனால்தான் ஒரு மாநிலம் தானே முன்வந்து வரியைக் குறைக்கவும் முடிகிறது. மராட்டியம் 2022 ஏப்பிரல் முதல் நாளன்று இயற்கை வாயுவின் மதிப்புக் கூட்டு வரியைப் பதின்மூன்றரையிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் குசராத்தும் பத்துப் புள்ளிகள் குறைப்பதாக அறிவித்தது. எனவே இதில் ஒரு பக்கம் முழு நியாயமும் மறுபக்கம் முழு அநியாயமும் இருப்பதாக எண்ணுதல் தவறு. ஒருபுறம் நேரான வழி. மறுபுறம் மாநிலத்தின் கையிலுள்ள உரிமை. இரண்டையும் எப்படி இணைப்பது என்பதே வினா.

சிலிண்டர் வாயு முற்றும் தப்பிவிட்டது என்றும் கருத வேண்டாம். அதன் ஒரு பகுதி கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிறப்பது. கச்சா எண்ணெய் அந்த ஐந்தில் ஒன்று. தாய் வெளியே நிற்க, மகவு உள்ளே நிற்கும் நிலை அது.

பிற நாடுகளிலும் இவ்வினா எழுந்ததுண்டு. பிரிட்டனில் 1994 ஆம் ஆண்டுவரை வீட்டு எரிவாயுவுக்கு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படவில்லை. அவ்வாண்டு நூற்றுக்கு எட்டு என விதித்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1997 இல் அது ஐந்தாகக் குறைந்தது. செருமனியில் வாயுவின்மேல் ஆற்றல் வரியும், 2021 முதல் கரியமில வாயுவுக்கான கட்டணமும், மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. 2022 இல் வாயு விலை கடுமையாக ஏறியபோது, அக்டோபர் முதல் மதிப்புக் கூட்டு வரியைப் பத்தொன்பதிலிருந்து ஏழாகக் குறைத்து, 2024 மார்ச்சு வரை அவ்வாறே வைத்திருந்தார்கள். குளிர் நாட்டில் வாயு இல்லையேல் வீடு உறைந்துபோகும். நம் நாட்டில் வாயு இல்லையேல் புகையடுப்பு திரும்பும். அந்தப் புகையை உண்பவர் வீட்டுப் பெண்டிரே. எங்காயினும் அடுக்களையின் எரிபொருள் ஆடம்பரம் அன்று. செல்வர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் சோறு வேகும் நேரம் ஒன்றே. ஆகவே அதன்மேல் விழும் வரி, வருவாய் குறைந்தவரிடமிருந்தே வருவாயின் பெரும் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இக்கேள்விகள் காஞ்சி மண்ணுக்குப் புதியன அல்ல. தறிகளின்மேலும் செக்குகளின்மேலும் வரி விதித்த செய்திகளைப் பல்லவர் செப்பேடுகளிற் காண்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை என்ற பெயரே வருகிறது. வரியும் தறியும் இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உறவினர். ஆனால் அதே காலம் நமக்கு விட்டுச்சென்ற மற்றொரு செய்தியும் உண்டு. காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை விளக்குவன என்று அவற்றைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்வு செய்யும் விதிகள் அவற்றில் உள்ளன. அவ்விதிகளுள் ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் தேர்வுக்கு உரியவர் ஆகார். பொதுப்பணத்தைக் கையாள்பவனுக்குக் கணக்குக் காட்டுதலே முதற் கடமை என்று அந்தச் சபையார் கல்லில் எழுதிவைத்தார்கள்.

வரி கொடுப்பது குடிமக்களின் கடமை. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறிவது அவர்களுடைய உரிமை. கடைசி வரியை மட்டும் அச்சிட்டு, வழியில் சேர்ந்தவற்றை விலைக்குள் ஒளித்து வைத்தால், அந்த உரிமை பாதி பறிபோகிறது. பிள்ளையார்பாளையத்து மகளின் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்க வேண்டுமானால், கட்டணச் சீட்டில் வாயுவின் அடக்க விலை, சுமப்புக் கட்டணம், நகரக் குழாய்க் கட்டணம், அவற்றுள் தங்கிய வரி, இறுதி வரி என்று ஐந்து வரிகள் தனித்தனியே அச்சாதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எண்ணம் ஒன்றே வேண்டும்.

அதுவரை மாணவர்களாகிய நீங்கள் ஒன்று செய்யலாம். இன்று மாலை வீடு சென்றதும், குழாயானாலும் சிலிண்டரானாலும் அந்தச் சீட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். எந்த வரி எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படவில்லை என்று பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள். சேலையைப் புரட்டி அதன் பின்புறத்து இழைகளைப் பார்ப்பவருக்கே நெசவின் தரம் தெரியும். விலையைப் பொறுத்தும் அது அவ்வாறே.